மிலிட்டரிக்காரருக்கு ஒரு கட்சி

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். முன்னாள் படைவீரர்களுக்கான ஒரு சின்னக் கட்சி. அப்பாவை உறுப்பினராகச் சேரச் சொன்னார்கள். எந்த யூனிட், எந்த வருஷம் என்று மூவரும் பேச ஆரம்பித்ததில் டீ ஆறிப்போனது. அடுத்த சட்டமன்றத் தேர்தலில் கடலூரில் நிற்கப்போகிறார்களாம்.

இப்படி ஒரு கட்சி கண்டிப்பாக வேண்டும். 17 வருஷம் சர்வீஸ் முடித்து ஊர் திரும்பியபோது அப்பாவுக்கு வயது 36. அந்த வயதில் புதிதாகப் பிழைப்புத் தேடிய கஷ்டம் எங்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். போன தடவை ஒரு சேவை மையத்தில் அவர் கைரேகை விழவே இல்லை. மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கிப் பிடுங்கிக் கட்டைவிரல் தேய்ந்து கிடக்கிறது. வேட்டியில் துடைத்துத் துடைத்து ஆறு முறை வைத்தார். "நாளைக்கு வாங்க பெரியவரே" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்பது சரியான வழியாக எனக்குப் படவில்லை. பென்ஷன் டெல்லி விவகாரம். ஒரே பதவியில் ஒரே அளவு சர்வீஸ் முடித்தவர்களுக்கு, எந்த வருஷம் ஓய்வு பெற்றாலும் ஒரே பென்ஷன் என்கிற 'ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம்' ஓட்டுப்பெட்டியிலிருந்து வரவில்லை. 2015 ஜூனில் டெல்லி ஜந்தர் மந்தரில் வயதான முன்னாள் வீரர்கள் போராட்டத்தில் போய் உட்கார்ந்தார்கள், நவம்பரில் ஆணை வந்தது. கடலூர்த் தொகுதியில் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். எங்கள் தெருவில் மிலிட்டரிக்காரர் வீடு மூன்றுதான். செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் டெபாசிட்டாகக் கட்டிய 10,000 ரூபாய் போய்விடும். அது அவர்கள் பென்ஷன் காசு.

பக்கத்தில் புதுச்சேரி கணக்கு வேறு. அங்கே 30 தொகுதி, ஒவ்வொன்றிலும் சராசரியாக முப்பதாயிரம் சொச்சம் ஓட்டு. சில நூறு ஓட்டில் முடிவு மாறும். அங்கே சேர்ந்து நின்றால் பெரிய கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்து பேசுவார்கள்.

நம் பக்கம் ஊராட்சி வார்டிலிருந்து தொடங்குங்கள். அங்கே கட்சிச் சின்னமே கிடையாது, ஆளைப் பார்த்துத்தான் ஓட்டு. மிலிட்டரிக்காரர் என்றால் ஊருக்கே தெரியும். கணவர் போனபிறகு குடும்ப பென்ஷனுக்குப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு அலையும் அம்மாவோடு வார்டு மெம்பர் ஒருவர் கூடப் போனால் அந்தக் கவுன்ட்டரில் பேச்சே மாறும். அப்பா மாதிரி ஆட்களுக்கு ரேகை விழாவிட்டால் அடுத்த வழி என்ன என்று கேட்டு வாங்கித் தரலாம்.

அண்ணன்களே, வார்டுக்கு நில்லுங்கள். எங்கள் வீட்டு நாலு ஓட்டும் உங்களுக்குத்தான். வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்க நானே வருகிறேன்.