ஒரு கோள் குறைகிறது பாய், விலையைக் குறையுங்கள்

(ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னை திருவல்லிக்கேணி, பாரதி சாலை நடைபாதை. பிளாஸ்டிக் விரிப்பின் மேல் பழைய புத்தகங்கள். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். எதிரே நிற்பவர் மின்வாரியத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பேரம் பேசாமல் வாங்கிய பொருள் அவர் வீட்டில் எதுவும் கிடையாது.)

சார்: இந்தச் சூரியக் குடும்பம் என்ன விலை பாய்?

பாய்: எண்பது ரூபாய் சார். வழவழத் தாள், கலர் படம். பேரப் பிள்ளைக்கா?

சார்: பேத்தி. நாலாவது படிக்கிறாள். (முன்பக்கத்தைப் புரட்டுகிறார்) 1998-ல் அச்சடித்தது. அதானே பார்த்தேன். ஒன்பது கோள் என்று போட்டிருக்கிறது. புளூட்டோவை 2006-லேயே தள்ளிவிட்டார்கள். ஒன்பதில் ஒன்று போனால் விலையிலும் ஒன்பதில் ஒரு பங்கு போக வேண்டாமா? எட்டு ரூபாய் எண்பத்தொன்பது பைசா கழித்துக்கொள்ளுங்கள்.

பாய்: தாராளமாக. அப்படியே சனிப் பக்கத்துக்கு வாங்க. நிலா எத்தனை என்று இருக்கிறது?

சார்: பதினெட்டு.

பாய்: 2025 மார்ச் கணக்குப்படி 274 சார். அந்த மாசம் மட்டும் ஒரே மூச்சில் 128 நிலாவைச் சேர்த்தார்கள். பதினெட்டு போக 256. நிலாவுக்குப் பத்துப் பைசா வைத்தால்கூட எனக்கு இருபத்தைந்து ரூபாய் அறுபது பைசா வர வேண்டும். அதில் உங்கள் புளூட்டோவைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள்.

சார்: (வாய்க்குள் கணக்குப் போடுகிறார்) தொண்ணூற்றாறு ரூபாய் எழுபத்தொரு பைசா ஆகிறதே!

பாய்: எழுபத்தொரு பைசாவை விட்டுத் தருகிறேன். தெரிந்த மனிதர் வேறு.

சார்: இருங்கள். (புத்தகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்) ராமபாணம் அரித்திருக்கிறது. சூரியனில் நுழைந்த ஓட்டை சனியில் வெளியே வருகிறது பாருங்கள்.

பாய்: பூச்சி ஒரு மாசத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். நாசாவின் காசினி கலம் சனிக்குப் போக ஏறக்குறைய ஏழு வருடம் ஆனது.

சார்: அதுவும் இதில் தப்பு. “காசினி போய்க்கொண்டிருக்கிறது” என்று எழுதியிருக்கிறது. அதெல்லாம் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்குமே?

பாய்: 2004-ல் போய்ச் சேர்ந்தது. பதின்மூன்று வருடம் சனியைச் சுற்றியது. 2017 செப்டம்பரில் சனிக்குள்ளேயே விழுந்து எரிந்துபோனது.

சார்: பாவம். இந்தப் புத்தகத்தில் இன்னும் வழியிலேயே இருக்கிறது.

பாய்: அதனால்தான் சார் இந்தப் புத்தகத்துக்கே மதிப்பு.

(சார் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு அடி நடக்கிறார். பேரத்தின் இரண்டாம் கட்டம் இது. பாய் கூப்பிடவில்லை. பாரதி சாலைக்காரர்கள் இதற்கெல்லாம் அசைய மாட்டார்கள். சாரே திரும்பி வருகிறார்.)

சார்: அது சரி, நடைபாதையில் உட்கார்ந்துகொண்டு சனியின் நிலாக் கணக்கு வரைக்கும் உங்களுக்கு எப்படித் தெரிகிறது?

பாய்: என் மகள் நூலக அறிவியல் படிக்கிறாள். சிறுவர் அறிவுப் புத்தகம் எது வந்தாலும் பின்னட்டைக்குள் ஒரு சீட்டு ஒட்டிவிடுவாள். பாருங்கள்.

(பின்னட்டையைத் திறக்கிறார். பசை காய்ந்து ஓரம் லேசாகச் சுருண்ட வெள்ளைச் சீட்டு. மேலே ஒரு க்யூஆர் கட்டம், கீழே பேனாவில் நாலு வரி.)

சார்: (மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படிக்கிறார்) “இந்தப் புத்தகத்தில் நான்கு செய்திகள் பழையதாகிவிட்டன. முழுக்கப் படித்துவிட்டு, எவை என்று ஊகித்து எழுது. அப்புறம் இந்த முகவரிக்குப் போய்ச் சரிபார். தப்பான இடத்தைப் பென்சிலால் திருத்து.” என்ன பாய் இது, சரக்கு பழுது என்று நீங்களே எழுதி ஒட்டியிருக்கிறீர்கள்!

பாய்: அச்சடித்த புத்தகத்தில் தப்புக் கண்டுபிடிக்கச் சொன்னால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்கும்? அதற்காகவே வரி விடாமல் படிக்கும். கட்டத்தை போனில் காட்டினால் நாசாவின் சூரியக் குடும்பப் பக்கம் வரும். அதிலேயே “ஐஸ் (Eyes) ஆன் தி சோலார் சிஸ்டம்” என்று ஒன்று இருக்கிறது. எந்தக் கோள் இப்போது எங்கே இருக்கிறது, எந்தக் கலம் எங்கே போகிறது என்று விரலால் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

சார்: நான்கு என்று போட்டிருக்கிறது. புளூட்டோ, நிலாக் கணக்கு, காசினி. நாலாவது?

பாய்: அதை உங்கள் பேத்தி கண்டுபிடிக்க வேண்டும்.

சார்: காசு கொடுப்பது நான்!

பாய்: இன்னும் கொடுக்கவில்லையே சார். சரி, ஒரு குறிப்பு தருகிறேன். நம் சந்திரயான்-1 போன வருடம் 2008.

சார்: (பக்கத்தைத் தேடி) “நிலாவில் துளி நீரும் இல்லை”! இதுதானே? நீரின் சுவடு இருக்கிறது என்று அப்புறம் சொன்னார்களே!

பாய்: பாருங்கள், உங்களுக்கே உற்சாகம் வந்துவிட்டது.

சார்: (உற்சாகத்தை உடனே மறைத்துக்கொண்டு) இந்த போன் வேலையெல்லாம் எங்கள் வீட்டில் நடக்காது பாய். போன மாசம் பாடத்தில் எரிமலை வந்தது. “தாத்தா, போனில் பார்க்கிறேன்” என்றாள். கொடுத்தேன். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், யாரோ ஒரு வெள்ளைக்காரர் பல்லியைத் தொட்டியில் போட்டுக் குளிப்பாட்டுகிறார், இவள் கண் கொட்டாமல் பார்க்கிறாள். எரிமலை எங்கே என்றேன். “அது முன்னாடியே முடிந்துவிட்டது தாத்தா, இந்தப் பல்லிக்குப் பெயர் கெவின்” என்கிறாள்.

பாய்: நீங்கள் “எரிமலையைத் தேடு” என்று சொல்லியிருப்பீர்கள். தேடப் போனால் கெவின்தான் வருவான். இடத்தையும் நீங்களே சொல்ல வேண்டும், கையில் ஒரு கேள்வியையும் கொடுத்து அனுப்ப வேண்டும். கேள்விக்குப் பதில் கிடைத்ததும் பிள்ளை தானாகத் திரும்பிவிடும். என் மகள் ஒரு புத்தகத்துக்கு ஒரு முகவரிக்கு மேல் எழுத மாட்டாள். இருபது எழுதினால் ஒன்றையும் பார்க்க மாட்டார்கள், பெற்றோர் உட்பட.

சார்: இந்தப் பறவைப் புத்தகத்துக்கு என்ன சீட்டு?

பாய்: மெர்லின். கார்னெல் பறவையியல் ஆய்வகத்துக்காரர்கள் இலவசமாகக் கொடுக்கிற செயலி. சத்தத்தைக் கேட்டே எந்தப் பறவை என்று சொல்லும். இதோ, இந்தச் சத்தத்தையே காட்டலாம்.

(சாலைக்கு எதிரே அரசமரம். ஆட்டோ ஹாரன்களுக்கு நடுவே, சொல்லிவைத்த இடைவெளியில் டொங்க், டொங்க், டொங்க்.)

சார்: அது பறவை இல்லை பாய், யாரோ தகரம் தட்டுகிறார்கள். எங்கள் தெருவிலும் மத்தியானம் ஆனால் இதே சத்தம்தான். மாடி வீட்டுக்காரர் வேலை. சொன்னால் “நான் இல்லை, நான் இல்லை” என்று சாதித்தார். போன பொங்கலிலிருந்து அவரோடு பேச்சு வார்த்தை கிடையாது.

பாய்: (போனை மரத்துப் பக்கம் நீட்டுகிறார்) பாருங்கள், வந்துவிட்டது. காப்பர்ஸ்மித் பார்பெட். புத்தகத்தில் இதோ, செம்மார்புக் குக்குறுவான். குருவியைவிடக் கொஞ்சம் பெரிது. பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. ஆல், அரசம் பழம் என்றால் உயிர்.

சார்: (நீண்ட மௌனத்துக்குப் பிறகு) தகரமே இல்லையா?

பாய்: தகரமே இல்லை.

சார்: அவர் பெண் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை பாய்.

பாய்: போன் பெயரை மட்டும்தான் சொல்லும். அது பட்டுப்போன கிளையைக் குடைந்து பொந்து செய்து முட்டை இடும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. இரண்டும் வேண்டும். வாங்கிக்கொண்டு போய் மாடி வீட்டுக்காரருக்கே பரிசாகக் கொடுங்கள். அறுபது ரூபாய்.

சார்: சமாதானத்துக்கு நாற்பது ரூபாய்க்கு மேல் செலவு செய்யமாட்டேன். இந்தத் தடிப் புத்தகம்?

பாய்: (குரலில் தனி மரியாதையோடு) குழந்தைகள் கலைக்களஞ்சியம். பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்து 1968-லிருந்து 1976 வரை பத்துத் தொகுதியாகக் கொண்டுவந்தது. என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஐந்நூறு.

சார்: (கை சுட்டதுபோல் கீழே வைக்கிறார்) மிச்சம் ஒன்பது?

பாய்: சீட்டைப் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கிறது.

சார்: காசு?

பாய்: இல்லை.

சார்: அங்கே சும்மா கிடைப்பதற்கு இங்கே ஐந்நூறா!

பாய்: அங்கே என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். கையில் புத்தகம் இருந்தால் ஒன்றைத் தேடிப் புரட்டும்போது பக்கத்தில் வேறொன்று கண்ணில் படும். பிள்ளைகளுக்கு அதுதான் சார் ருசி.

சார்: மடக்கிவிட்டேன்! கெவினும் அப்படித்தானே பக்கத்தில் கண்ணில் பட்டான்?

பாய்: (யோசிக்கிறார், இந்தக் கேள்வி நல்ல கேள்விதான்) இதில் பக்கத்தில் வருவதையும் தூரன் பார்த்துப் போட்டிருக்கிறார். கெவினை யார் பார்த்துப் போட்டார்கள்?

சார்: …சரி, அந்தப் புத்தகக் கட்டுக்குள் என்ன? கயிறு போட்டுக் கட்டி ஓரமாக வைத்திருக்கிறீர்களே.

பாய்: அதைத் தொடாதீர்கள், எடைக்குப் போகிறது. பழைய முதலுதவிப் புத்தகங்கள். பாம்பு கடித்தால் கீறி உறிஞ்சச் சொல்கிறது ஒன்று. கோள் கணக்கு தப்பினால் பென்சிலால் திருத்தலாம், இதில் முடியாது. சீட்டும் ஒட்டமாட்டேன், விற்கவும் மாட்டேன்.

சார்: அதில் நியாயம் இருக்கிறது. இந்த மெல்லிசு? “வீட்டிலேயே அறிவியல்”?

பாய்: அதற்குச் சீட்டு அரவிந்த் குப்தாவின் தளம். 2018-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூப்பையும் வைத்தே முக்கோணம், வீடு, கோபுரம் எல்லாம் கட்ட வைப்பார். என் மகள் புத்தகத்தோடு இரண்டு முழம் வால்வ் டியூப் இலவசமாகக் கொடுக்கிறாள்.

சார்: டியூப் மட்டும் கிடைக்குமா? எங்கள் வீட்டு சைக்கிளில் காற்று நிற்பதில்லை.

பாய்: சார், சூரியக் குடும்பத்தை எடுக்கிறீர்களா இல்லையா? சீக்கிரம் சொல்லுங்கள். இன்று ராத்திரி யாராவது இன்னும் நாலு நிலாவைக் கண்டுபிடித்தால் விலை ஏறிவிடும்.

சார்: நாற்பத்தைந்து.

பாய்: புளூட்டோவுக்கு அந்தப் பெயரைச் சொன்னது யார் தெரியுமா? இங்கிலாந்தில் 11 வயதுப் பெண், வெனிஷியா பர்னி. 1930-ல் காலைச் சாப்பாட்டு மேசையில் தாத்தா புதுக் கோளைப் பற்றிய செய்தியைப் படித்துச் சொல்ல, அவள் பெயரைச் சொன்னாள். தாத்தா தெரிந்த வானியலாளரிடம் சொல்லி, அவர் அமெரிக்காவுக்குத் தந்தி அடித்தார். அந்தப் பெயரே நிலைத்தது. தாத்தா பேத்திக்கு ஐந்து பவுண்டு பரிசு கொடுத்தார் சார். அந்தக் காலத்து ஐந்து பவுண்டு! இங்கே ஒரு தாத்தா எண்பது ரூபாய்க்கு…

சார்: போதும், போதும். எழுபது.

பாய்: எடுத்துக்கொள்ளுங்கள்.

(சார் போனில் பணம் அனுப்புகிறார். தொகையை இரண்டு முறை சரிபார்க்கிறார். புத்தகத்தைப் பைக்குள் வைக்கப் போனவர், கடைசியாக ஒரு தடவை புரட்டி, நின்றுவிடுகிறார்.)

சார்: பாய்! இது என்ன? புளூட்டோ பக்கத்தில் முன்னாடியே யாரோ பென்சிலால் அடித்து, “குறுங்கோள்” என்று எழுதியிருக்கிறார்கள்!

பாய்: (எட்டிப் பார்க்கிறார்) அட, ஆமாம். பழைய வீட்டுப் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை.

சார்: நாலு தப்பு என்று சொல்லித்தான் விற்றீர்கள். ஒன்றைத் திருத்திவிட்டார்கள். பாக்கி மூன்றுதான். எழுபதில் கால் பங்கு, பதினேழரை ரூபாய் திருப்பிக் கொடுங்கள்.

பாய்: திருத்திய பதிப்பு சார் அது! பார்க்கப்போனால் பத்து ரூபாய் கூட வாங்க வேண்டும்.

சார்: (ஒரு கணம் யோசித்து, குரலைத் தாழ்த்தி) உங்களிடம் ரப்பர் இருக்கிறதா?

பாய்: இருக்கிறது. ஐந்து ரூபாய்.