அவர் தானாகத் திறந்து வைத்த பை

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அன்று மட்டக்களப்பு எப்படி இருந்தது என்று எங்கள் ஊராருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளை இழந்தோம். செய்த கூட்டத்தின் தலைவன், பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்காரன்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து ஆரையம்பதியில் பஸ் ஏறினேன். காத்தான்குடியில் அபாயா போட்ட ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் இருந்தார். நான் எழும்பிப் போய் நின்றுகொண்டேன். பஸ்ஸில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மடியிலிருந்த பையின் சிப்பை இழுத்து, வாயை அகலத் திறந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார். ஒரு கிளினிக் கொப்பி, தண்ணீர்ப் போத்தல், சின்னப் பிள்ளையின் சட்டை ஒன்று. கல்லடிப் பாலம் தாண்டும்வரை அந்தப் பை திறந்தபடியே இருந்தது.

எனக்கு அந்தக் கையைத் தெரியும். யுத்த காலத்தில் செக்பொயின்ற்றில் ஆமிக்காரன் கேட்கும் முன்னமே பையைத் திறந்து நீட்டிய கை என்னுடையது. என் பெயரும் பிறந்த ஊரும் போதும், என்னைப் புலி என்று நினைக்க. அந்த அவமானம் தெரிந்த நானே அதை இன்னொருத்திக்குக் கொடுத்தேன்.

"பயத்திலதானே எழும்பின நீ" என்று தோழி ஆறுதல் சொன்னாள். பயம் உண்மைதான். ஆனால் அது அந்த ஏப்ரலில் முளைத்த பயம் இல்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரத்தில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்று கதை கிளம்பி, கடையையும் பள்ளிவாசலையும் அடித்து உடைத்தார்கள். பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. அது தெரிந்த பிறகும் நான் முஸ்லிம் கடைகளில் சாப்பிடாமல் தவிர்த்தேன். குண்டு வெடிக்க முதலே என் மனம் அந்த ஆசனத்தை விட்டு எழும்பிவிட்டது.

1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றது புலிகள். அந்த நாட்களில் தமிழ்க் கிராமங்களிலும் கொலைகள் நடந்தன, அதையும் நான் மறக்கவில்லை. ஆனால் தகப்பனையும் தம்பியையும் பறிகொடுத்த பெண்கள் பிறகும் எங்களோடு இதே பஸ்ஸில்தான் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தார்கள். என்னைக் கண்டு அவர்களில் ஒருத்தி எழும்பியிருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

இப்போது என்னை நானே கொஞ்சம் கவனிக்கிறேன். தமிழ்க் கடைக்காரர் நிறையில் ஏமாற்றினால் அவருடைய பெயரைச் சொல்லித் திட்டுகிறேன். முஸ்லிம் கடைக்காரர் ஏமாற்றினால் "இவங்கள் இப்படித்தான்" என்று வாயில் வருகிறது. வந்தவுடன் நிறுத்தி, 'எவர்? எந்தக் கடை?' என்று கேட்டுக்கொள்கிறேன். சில நாள் நிறுத்த முடிகிறது. சில நாள் சொல்லி முடித்த பிறகுதான் உறைக்கிறது.

வீட்டில்தான் கஷ்டம். முஸ்லிம்களைக் குறிக்க எங்கள் வீடுகளில் புழங்கும் ஒரு சொல் இருக்கிறது, இங்கே எழுதமாட்டேன். பேரப்பிள்ளை முன்னால் அதைச் சொல்லாதீங்க அம்மா என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. போன கிழமை மறுபடியும் சொன்னார், நானும் மறுபடியும் சொன்னேன்.