1859 என்று எழுதுங்கள்

சனிக்கிழமை பூங்காவில் பிள்ளைகளின் பேஸ்பால் நிகழ்ச்சியில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்கு நேரிலேயே தெரியும். மீதிப் பேர் குழுவில் படித்திருப்பீர்கள். மூன்று நாள் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். இன்று காலை, நியூ ஆர்லியன்ஸுக்கு பேஸ்பால் எப்படி வந்தது என்று அங்கே காட்டிய ஸ்லைடை யாரோ மறுபடி பகிர்ந்து, கீழே கைதட்டல்களும் விழுந்திருப்பதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை.

"உள்நாட்டுப் போருக்குப் பிறகு வடக்குப் படைவீரர்கள் நியூ ஆர்லியன்ஸுக்கு பேஸ்பாலைக் கொண்டுவந்தார்கள்." ஸ்லைடில் இருந்த வரி இதுதான். இது தப்பு. அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய அந்தப் போர் தொடங்கியது 1861 ஏப்ரலில். வடக்குப் படை இந்த ஊரைப் பிடித்தது 1862 வசந்தத்தில். லூசியானா பேஸ்பால் கிளப் இங்கே ஆடத் தொடங்கியது 1859 ஜூலையில். படை வருவதற்கு ஏறக்குறைய மூன்று வருடம் முன்பு! எதிர்த்து ஆட வேறு கிளப் இல்லாததால் அவர்களே இரண்டாகப் பிரிந்து, டெலாஷேஸ் குடும்பத்துத் தோட்ட நிலத்தில் ஆடினார்கள். அந்த வருடம் முடிவதற்குள் ஊரில் இன்னும் பல கிளப்புகள் வந்துவிட்டன.

இதைத்தான் அன்று எழுந்து நின்று சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. மைக்கைப் பிடித்திருந்த அண்ணன் சொன்ன பதில் எல்லோருக்கும் கேட்டிருக்கும்: "இது பசங்க நிகழ்ச்சிம்மா, ஹிஸ்டரி கிளாஸ் இல்ல. அதுவும் இது நம்ம ஹிஸ்டரியா?" சிரித்தார்கள். என் பையனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். அவன் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் தினமும் வேலைக்குப் போவது செயின்ட் சார்ல்ஸ் டிராமில். பச்சைப் பெட்டி, மர இருக்கை. திரும்பும்போது இருக்கையின் முதுகைத் தூக்கி மறுபக்கம் சாய்த்துவிட்டால் திசை மாறிவிடும். லூசியானா அவென்யூவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டெலாஷேஸ் தெரு குறுக்கே போகிறது. அந்தத் தோட்டத்தின் பெயர்தான் இன்றைக்கும் அந்தத் தெருவில் இருக்கிறது. ஓக் மரக் கிளைகளில் மார்டி கிரா திருவிழாப் பாசிமணிகள் போன வருடத்திலிருந்தே தொங்குகின்றன. அந்த இடம் வரும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். ஜூலை மாதம் இந்த ஊரில் காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டும். அந்த வெயிலில், காசு வாங்காமல், வெறுங்கையால் பந்து பிடித்து ஆடியிருக்கிறார்கள். அப்போது கையுறையே கிடையாது. பந்தைக் கையைத் தாழ்த்தித்தான் போட வேண்டும். அடித்த பந்து தரையில் ஒரு குத்து குத்தி எழுந்தபின் பிடித்தாலும் அவுட். நம் தெரு கிரிக்கெட்டில் "ஒன் பிட்ச் கேட்ச்" ஆடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இப்படி ஆடியவர்களின் ஆட்டத்தைத் தூக்கி ஒரு படையின் கையில் கொடுப்பது எப்படி நியாயம்?

"முகாம்களிலும் சிறைகளிலும் ஆடித்தானே தெற்கே பரவியது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். வட கரோலினாவின் சாலிஸ்பரி சிறையில் வடக்குக் கைதிகள் ஆடிய படம் 1863-லேயே அச்சாகி வந்தது. பல சிறிய ஊர்களுக்கு ஆட்டம் அந்த வழியாகத்தான் போயிருக்கும். ஆனால் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம். பருத்தி வியாபாரத்தில் நியூயார்க்கோடு வருடம் முழுக்கப் போக்குவரத்து. சரக்கும் ஆட்களும் வந்த வழியில் ஆட்டமும் வந்தது. இதற்குப் படை தேவைப்படவில்லை. 1859 என்பது போர் முடிந்த 1865-க்கு முன்னால் வருகிறது. இதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பழக்கம் புதிதும் இல்லை. பேஸ்பாலையே அப்னர் டபுள்டே என்ற ராணுவத் தளபதி 1839-ல் கூப்பர்ஸ்டவுனில் கண்டுபிடித்தார் என்று ஒரு குழு போட்டு முடிவுகட்டினார்கள். அவர் அந்த வருடம் வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் வேலை முடிந்து ஆடி ஆடி உருவாக்கிய ஒன்றுக்கு ஒரு தளபதியின் பெயர் கிடைத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதியாகிவிடுகிறது.

அடுத்த கேள்விக்கு நான் தயங்கித்தான் பதில் எழுதுகிறேன். ஒரு தங்கை தனிச்செய்தியில் கேட்டாள்: "அக்கா, அந்த 1859 கிளப்புகள் வெள்ளைக்காரர்களுடையவை. நாட்டிலேயே பெரிய அடிமைச் சந்தை அந்த ஊரில்தான் இருந்தது. அவர்களுக்காகவா இவ்வளவு கோபம்?" இதை இரண்டு நாளாக யோசிக்கிறேன். அவள் சொல்வது சரி. அந்த மைதானத்தில் பந்து பறந்த அதே கோடையில் சில மைல் தள்ளி மனிதர்களை ஏலம் போட்டார்கள். போருக்குப் பிறகு இதே ஊரில் ஒரு கிளப் தெற்குப் படைத் தளபதி ராபர்ட் ஈ. லீ என்றே பெயர் வைத்துக்கொண்டது. இதையெல்லாம் மறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஸ்லைடில் அதையும் எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன். படைவீரர்கள் கொண்டுவந்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், ஆடியவர்களும் மறைகிறார்கள், ஆட விடாமல் தடுக்கப்பட்டவர்களும் மறைகிறார்கள்.

தடுக்கப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதும் வரலாறு. கறுப்பர்கள் இருக்கும் கிளப்பைச் சேர்ப்பதில்லை என்று 1867 டிசம்பரில் தேசிய பேஸ்பால் சங்கம் முடிவெடுத்தது. அந்தக் கூட்டம் நடந்தது வடக்கே, பிலடெல்பியாவில். எல்லாம் வடக்கிலிருந்து வந்தது என்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்புறம் இதே நியூ ஆர்லியன்ஸில் 1880-களில் பிஞ்ச்பேக் என்ற கறுப்பர் கிளப் பெயர் வாங்கியது. 1872 டிசம்பரிலிருந்து ஐந்து வாரம் இந்த மாநிலத்தின் கவர்னராக இருந்த பி. பி. எஸ். பிஞ்ச்பேக்கின் பெயர் அது. இந்த நாட்டின் முதல் கறுப்பினக் கவர்னர். கவர்னர் பதவி போய்விட்டது, பெயரை ஒரு பந்தாட்டக் கிளப் சுமந்துகொண்டு மைதானத்தில் இறங்கியது. எனக்கு இதை எழுதும்போதே தொண்டை அடைக்கிறது. நம் பிள்ளைகளோடு சனிக்கிழமை மைதானத்தில் ஆடியவர்களில் பாதி கறுப்பினப் பிள்ளைகள். அவர்களுக்கு முன்னால் நாம் போட்ட ஸ்லைடில் பிஞ்ச்பேக் இல்லை.

"உனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது" என்று வீட்டுக்காரரே கேட்டார். அதற்குக் காரணம் என் அப்பா.

எங்கள் ஊரில் அப்பாவும் நண்பர்களும் சேர்ந்து ஒரு வாலிபால் கிளப் நடத்தினார்கள். கணக்கு நோட்டு அப்பாவிடம் இருந்தது. நாற்பது பக்க நோட்டு, அட்டை கிழிந்து துணி ஒட்டியது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. "பந்து காற்று – 25 பைசா." "வலை தைக்க நூல் – 1 ரூபாய்." கடைசிப் பக்கங்களில் தோற்ற ஆட்டங்களின் ஸ்கோர்கூட விடாமல் இருக்கும். பல வருடம் கழித்து ஒரு பள்ளி விழா மலரில், புது மைதானம் திறந்த நாளில்தான் ஊரில் வாலிபால் தொடங்கியது என்று அச்சடித்தார்கள். அப்பா மலரை மடித்து அலமாரியில் வைத்தார். யாரிடமும் போய் எதுவும் கேட்கவில்லை. அன்று ராத்திரி நோட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அப்போது பதினான்கு வயது.

அந்தக் காலத்து பேஸ்பால் ஸ்கோர் பட்டியலிலும் ஆடியவர் பெயருக்கு நேரே இரண்டே எண்கள் இருக்கும்: எத்தனை முறை அவுட், எத்தனை ரன். முதன்முதலில் பார்த்தபோது அப்பா நோட்டு மாதிரியே இருந்தது. நம்ம ஹிஸ்டரியா என்று கேட்டீர்களே அண்ணா, எனக்கு அது நம்முடையதாகத்தான் தெரிந்தது.

"தோற்றவர்களைப் பற்றி என்ன பெருமை?" என்றும் ஒரு கமெண்ட். 1870 ஏப்ரலில் சம்பளம் வாங்கி ஆடிய சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணி இங்கே வந்து ஐந்து உள்ளூர் கிளப்புகளையும் நொறுக்கியது உண்மைதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் நம் ஊர் அணியின் ரன் ஒற்றை இலக்கம். ஆனாலும் மறுநாள் இன்னொரு கிளப் மைதானத்துக்கு வந்தது. அதற்கு மறுநாள் இன்னொன்று. இதற்கு மேல் நான் பதில் எழுதப்போவதில்லை.

நான் மன்னிப்பு கேட்கச் சொல்லவில்லை. என்னைக் குழுவிலிருந்து எடுக்க வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். 1859, லூசியானா பேஸ்பால் கிளப், டெலாஷேஸ் தோட்டம். கீழே பிஞ்ச்பேக் கிளப்பையும் எழுதுங்கள். பையன் இந்த வாரமும் பயிற்சிக்கு வருவான். ஒன்பது மணிக்கு நான்தான் கொண்டுவந்து விடுவேன்.