பெரியம்மாவின் புறங்கைத் தழும்பும் தானாகக் கூடும் நுண்பைகளும்

பெரியம்மாவின் வலது புறங்கையில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய தழும்பு ஒன்று இருக்கிறது. பாறை கிழித்த தழும்புகள் அந்தக் கையில் ஏராளம். ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊர்ப் பக்கத்துக் கடலில் நாற்பது ஆண்டுகள் பாசி எடுத்த கை அது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரைப் பாசியும் பறித்த கை. ஆனால் நான் சொல்லும் இந்தத் தழும்பு கடல் தந்ததல்ல. மருந்து தந்தது.

மார்பகப் புற்றுநோய்க்காக மதுரையில் 21 நாட்களுக்கு ஒருமுறை, மொத்தம் நான்கு முறை அவருக்கு டாக்ஸோரூபிசின் ஏற்றினார்கள். வார்டில் எல்லோரும் அதைச் 'சிவப்பு மருந்து' என்றுதான் சொல்வார்கள். மூன்றாம் முறை ஊசி சற்று விலகி, சில சொட்டு மருந்து நரம்புக்கு வெளியே கசிந்துவிட்டது. பார்த்தவுடன் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் பட்ட இடம் கொப்பளித்து, தோல் கறுத்து, புண்ணாகி, ஆற இரண்டு மாதம் ஆயிற்று. திரும்பி வரும் வழியில், பஸ் பரமக்குடியைத் தாண்டும்போது, அவர் கையைப் பார்த்தபடியே கேட்டார்: "தம்பி, வெளியே நாலு சொட்டு பட்டதற்கே இப்படி என்றால், உள்ளே போனது என்னவெல்லாம் செய்துகொண்டிருக்கும்?"

நான் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறவன். பாலிமர் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன நுண்பைகள் பற்றிய பாடத்தைப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் படம் வரைந்து நடத்தியிருக்கிறேன். ஒரு வட்டம், அதற்குள் ஒரு வட்டம், நடுவில் சில புள்ளிகள். அந்தப் புள்ளிகள் மருந்து. அன்று அந்த பஸ்ஸில்தான் அந்தப் படத்தின் பொருள் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து மனத்தில் இருப்பதை இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சிவப்பு மருந்து. அது நம்மைப் போலவே கடற்கரைக்காரர்களின் மண்ணிலிருந்து வந்தது. இத்தாலியில், ஏட்ரியாட்டிக் கடலுக்கு அருகே ஒரு பழைய கோட்டையின் பக்கத்து மண்ணில் எடுத்த நுண்ணுயிரின் வழித்தோன்றல் சுரந்த பொருள். அந்தக் கடலின் பெயரால்தான் அதற்கு ஏட்ரியாமைசின் என்ற வணிகப் பெயர் வந்தது. புற்றுச் செல்களைக் கொல்வதில் வல்லது. ஆனால் அது இதயத் தசையையும் விட்டுவைப்பதில்லை. அதனால் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் இவ்வளவுதான் என்று எல்லை கட்டியிருக்கிறார்கள். எல்லையைத் தொட்டால், மருந்து வேலை செய்துகொண்டிருந்தாலும் நிறுத்தித்தான் ஆகவேண்டும். ஆக, கையில் இருப்பது நல்ல மருந்து. அது போகும் வழிதான் சரியில்லை. என்னுடைய வாதம் முழுவதும் இந்த ஓரிடத்தில்தான் நிற்கிறது. புதிய மருந்து கண்டுபிடிப்பதை ஊரே கொண்டாடுகிறது. இருக்கும் மருந்தை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அறிவியலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த அறிவியலை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது எளிது. வலையைப் பாருங்கள். மேல் கயிற்றில் மிதவை, கீழ்க் கயிற்றில் ஈயம். வலையை யாரும் கடலுக்குள் நின்று பிடித்துக்கொண்டிருப்பதில்லை. மேலே போகிறது மேலே போகும், கீழே போகிறது கீழே போகும். வலை தானாகச் சுவர்போல எழுந்து நிற்கும். இந்தப் பாலிமர் சங்கிலியும் அப்படித்தான். ஒரு பாதி தண்ணீரோடு சேரும். மறுபாதி எண்ணெயைப் போலத் தண்ணீரை விட்டு ஒதுங்கும். இரண்டும் ஒரே சங்கிலியில் பிணைந்திருப்பதால் பிரிந்து ஓடவும் வழியில்லை. தண்ணீரில் விட்டால், ஒதுங்கும் பாதிகள் ஒன்றோடொன்று நெருங்கிச் சுவராகின்றன. சேரும் பாதிகள் சுவரின் இரு பக்கமும் தண்ணீரைப் பார்த்து நிற்கின்றன. விளிம்பு தண்ணீரில் படக்கூடாது என்பதால் சுவர் வளைந்து தன்னைத்தானே மூடிக்கொள்கிறது. பை தயார். தைக்க ஆள் இல்லை, அச்சு இல்லை. சுமார் 100 நானோமீட்டர் அளவு. தலைமுடியின் குறுக்களவில் ஏறக்குறைய ஆயிரம் பைகளை வரிசையாக வைக்கலாம். தண்ணீரில் கரையும் மருந்து பையின் நடுவிலும், கரையாத மருந்து சுவருக்குள்ளேயும் உட்காரும். ஒரே பையில் இரண்டு மருந்து.

அளவு மட்டும் பிசகக்கூடாது. சங்கிலியில் தண்ணீரோடு சேரும் பகுதி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருந்தால் பை வரும். பாதிக்கு மேல் போய்விட்டால் உள்ளே வெற்றிடம் இல்லாத சிறு உருண்டைதான் வரும். இந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதற்கு முன்னோடி கொழுப்பால் ஆன பை. லிப்போசோம் என்பார்கள். 1960களில் இங்கிலாந்தில் அலெக் பேங்காம் கண்டது. அதற்குள் இதே டாக்ஸோரூபிசினை அடைத்த மருந்துக்கு 1995இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதயத்துக்கு நேரும் சேதம் குறைந்தது. பெரியம்மாவுக்கு அது கிடைக்காதா என்று நானும் மருத்துவரிடம் கேட்டேன். அவருடைய நோய்நிலைக்கு அது வழக்கமான மருந்தல்ல என்று பொறுமையாக விளக்கினார். அதிலும் ஒரு விலை உண்டு: உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிந்து தோல் உரியும். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் சில வாரம் பொறுத்துக்கொள்ளலாம். கயிறு இழுக்கிறவரும் கருவாடு காயவைக்கிறவரும் பாறையில் பாசி பறிக்கிறவரும் என்ன செய்வார்கள்? பக்கவிளைவுப் பட்டியலில் 'மிதமானது' என்று குறிப்பவர் யாருடைய கையை மனத்தில் வைத்துக் குறிக்கிறார் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

கொழுப்புப் பையின் சுவர் 3 முதல் 5 நானோமீட்டர்தான். கசியும், எளிதில் உடையும். 1999இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டிஷரும் ஹாமரும் அவர்கள் குழுவினரும் பாலிமரால் ஆன பையைச் செய்து பாலிமர்சோம் என்று பெயரிட்டார்கள். சுவர் 8 நானோமீட்டர். இழுத்தாலும் எளிதில் கிழியாது. தண்ணீர் ஊடுருவுவதும் வெகுவாகக் குறைவு.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் வருகிறது. கிழியாத பை நல்ல பைதான், ஆனால் கிழியவே மாட்டேன் என்கிற பைக்குள் இருக்கும் மருந்தால் யாருக்கு என்ன பயன்? பெரியம்மாவிடம் இந்தப் படத்தைக் காட்டியபோது அவர் கேட்டதும் இதைத்தான்: "பையை எங்கே அவிழ்ப்பது என்று அதற்கு யார் சொல்வார்கள்? நாங்கள் கரை ஏறித்தான் அவிழ்ப்போம்."

யாரும் சொல்வதில்லை, சங்கிலியிலேயே எழுதி அனுப்புகிறார்கள். ஒரு வழி, ஒதுங்கும் பாதியைப் பாலிலாக்டிக் அமிலத்தால் செய்வது. உடலுக்குள் தானாகக் கரையும் தையல் நூல் இருக்கிறதே, அந்தக் குடும்பம். தண்ணீர் அதை மெல்ல மெல்ல அரிக்கும். அரிக்க அரிக்க ஒதுங்கும் பகுதி குறுகும். அப்போது சேரும் பகுதியின் பங்கு கூடிக்கொண்டே போகும். மூன்றில் ஒரு பங்கு என்ற அந்த விகிதம் கெட்டதும் பையால் பையாக இருக்க முடியாது. சுவரில் ஓட்டை விழுந்து மருந்து வெளியேறும், பை சிறு உருண்டைகளாகச் சிதறும். எவ்வளவு நீளச் சங்கிலி, எந்தச் சங்கிலி என்று தேர்ந்தெடுப்பதன் மூலம் அவிழும் நேரத்தைக் குறிக்கலாம். பை எந்த விகிதத்தால் உருவானதோ, அதே விகிதத்தால்தான் அது கலைகிறது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

இன்னொரு வழி புளிப்பு. இரத்தத்தின் அமில காரக் குறியீடு 7.4. செல் ஒன்று நுண்பையை விழுங்கி உள்ளே வைக்கும் இடத்தில் அது 5, 6 என்று இறங்கிவிடும், அதாவது புளிப்பு கூடிவிடும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆர்ம்ஸும் பட்டாலியாவும் செய்த பாலிமர் பை, ஏறக்குறைய 6.4க்குக் கீழே வந்ததும் கலைந்துவிடும். இரத்தத்தில் மூடிய பை, செல்லுக்குள் போனதும் அவிழ்ந்த பை. பெரியம்மா சொன்ன கரை இதுதான்.

இனி மனத்தாங்கல். இந்த நுண்பைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் 'இலக்கை நோக்கிப் பாயும் ஏவுகணை' என்று எழுதுவதை நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பைக்கு எந்திரமும் இல்லை, திசைகாட்டியும் இல்லை. இரத்தம் போகும் பக்கம் அதுவும் போகிறது. பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. பத்தாண்டு காலத்து விலங்கு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, செலுத்திய நுண்துகள்களில் கட்டியைச் சென்றடைவது நடுமதிப்பாக 0.7 சதவீதம்தான் என்று கணக்குக் காட்டியது. நூற்றில் ஒன்றுகூட இல்லை. இதை மறைத்து எழுதினால், நோயாளியின் வீட்டார் நிலத்தை விற்று 'நானோ சிகிச்சை' என்று போலிகளிடம் ஏமாறுவார்கள். கொழுப்புப் பைகள் மருந்தகம் வரை வந்துவிட்டன. பாலிமர் பைகள் பெரும்பாலும் இன்னும் ஆய்வுக்கூடத்திலேயே இருக்கின்றன. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்படியானால் எதற்காக இவ்வளவு ஆர்வம்? கட்டியை அடைவது கொஞ்சமாக இருந்தாலும், இதயத்தை விட்டு விலகிப் போனாலே பெரிய லாபம். அதைவிட முக்கியமானது, எத்தனை முறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது. பீகாரில் மணல் ஈ கடித்துப் பரவும் காலா அசார் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆம்போடெரிசின் மருந்தை ஒரு மாதத்தில் பதினைந்து முறை ஏற்ற வேண்டியிருந்தது. கூலி வேலை செய்யும் குடும்பம் அதுவரை எப்படிச் சாப்பிடும்? அதே மருந்தைக் கொழுப்புப் பைக்குள் வைத்து ஒரே ஒருமுறை ஏற்றினால் போதும் என்று 2010இல் வெளிவந்த இந்திய ஆய்வு காட்டியது. பின்னர் அரசுத் திட்டத்திலேயே அது சேர்ந்தது. மருந்து மாறவில்லை. பை மாறியது. பதினைந்து பயணம் ஒன்றாயிற்று. என் கணக்கில் நானோ அறிவியலின் மிகப்பெரிய வெற்றி எந்தப் பெருநகர ஆஸ்பத்திரியிலும் நடக்கவில்லை, அங்கேதான் நடந்தது. ஆனால் அந்தப் பையை 25 டிகிரிக்கு மேல் சூடு படாமல் வைத்திருக்க வேண்டும். சித்திரை மாதத்து மண்டபத்தில் மின்சாரம் போன ஒரு மதிய நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே என் கருத்து இது. இந்தப் பைகளை வடிவமைக்கிறவர்கள் எங்கள் கரையை முதல் நிபந்தனையாக எடுத்துக்கொள்ள வேண்டும். வெயிலில் கெடாத சுவர் வேண்டும். ஒருமுறை போட்டால் வாரக்கணக்கில் தாங்க வேண்டும். ஏனென்றால் கடலுக்குப் போனவன் மாத்திரை நேரத்துக்குக் கரையில் இருக்கமாட்டான். கையைப் புண்ணாக்கக்கூடாது. மதுரைக்குப் போகும் சுமார் 150 கிலோமீட்டர் பயணத்தைக் குறைக்க வேண்டும். இதெல்லாம் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் சமூகப் பயன் அல்ல. சங்கிலியின் நீளத்தைத் தீர்மானிக்க வேண்டிய எண்களே இவைதான். பொருளறிவியலில் இப்படி யோசித்தவர் எங்கள் ராமேஸ்வரத்திலேயே பிறந்திருக்கிறார். ஏவுகணைக்கென்று உருவாக்கிய இலேசான கலப்புப் பொருளைக் கொண்டு, போலியோவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் கால் தாங்கிகளின் எடையைக் கிலோக் கணக்கிலிருந்து கிராம் கணக்குக்கு இறக்கியவர் அப்துல் கலாம். அவர் குழந்தையின் காலிலிருந்து தொடங்கினார்.

எங்களிடம் மூலப்பொருளும் இருக்கிறது. கட்டக்கோரையிலிருந்து அல்ஜினேட், மூங்கில் மிதவைகளில் 45 நாளில் வளரும் கப்பாஃபைகஸ் பாசியிலிருந்து கராஜீனன். இவை தண்ணீரோடு சேரும் பாலிமர்கள். தனியாகப் பை ஆகாது, ஒதுங்கும் பாதியை நாம்தான் ஒட்ட வேண்டும். நடக்காத காரியமல்ல. பிரான்சின் போர்தோ நகரில், சர்க்கரைச் சங்கிலியான ஹையலூரோனிக் அமிலத்தோடு ஒதுங்கும் பாதியை இணைத்து, டாக்ஸோரூபிசின் அடைத்த பைகளைச் செய்திருக்கிறார்கள். மண்டபத்தில் கடற்பாசிக்கென்றே மத்திய அரசின் ஆய்வு நிலையம் இருக்கிறது. எங்கள் பெண்கள் பறித்த பாசி கிலோ விலைக்குப் போய், பற்பசையாகவும் ஐஸ்கிரீமாகவும் திரும்பி வருவதைப் பார்த்துப் பழகிவிட்டோம். ராமநாதபுரம் மாவட்டத்து மாணவி ஒருத்தி அதிலிருந்து ஒரு மருந்துப் பையைச் செய்து பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். வெற்றி பெற வேண்டும் என்றுகூட இல்லை. செய்து பார்க்க ஒரு ஆய்வகமும் இரண்டு ஆண்டு உதவித்தொகையும் கிடைத்தால் போதும். இதைப் படிக்கிற துறைசார்ந்தவர்கள் யாரேனும் இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள்; ஆர்வமுள்ள மூன்று மாணவிகள் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

பெரியம்மாவுக்கு வரும் வாரம் மறுபடியும் இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டும். அதிகாலை பஸ்ஸில் போகிறோம். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு தாளில் எழுதியிருக்கிறேன். முதல் கேள்வி இதயத்தைப் பற்றியது என்று நினைத்தேன். இல்லை. இனி மூச்சடக்கி மூழ்கலாமா என்பதுதான் முதலில் இருக்கிறது.