"ஒண்ணும் ஆகலையே" என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

கார் கைக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. நேற்றுக் காலை கீழே இறங்கிப் போனால், பக்கத்து வீட்டு அண்ணன் என் காரின் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கையில் ஒரு பழைய பனியன் துணி. காய்ந்த துணி. ராத்திரி முழுக்கப் படிந்த தூசியின் மேல், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல், அழுத்தி அழுத்தி வட்டம் போடுகிறார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "தம்பி, தூசியா இருந்துச்சு. புது வண்டியாச்சேன்னு துடைச்சு விட்டேன்."

"அண்ணே, வேண்டாம்ணே, கீறல் விழுந்துடும்" என்றேன். குரல் நடுங்கியது. அவர் குனிந்து பார்த்தார். விரலால் வேறு ஒரு தடவு தடவினார். "எங்கப்பா கீறல்? ஒண்ணும் ஆகலையே!"

நிழலில் ஒன்றும் தெரியவில்லைதான். பத்து நிமிடம் கழித்துக் காரை வெயிலுக்கு நகர்த்தினேன். கருநீலப் பெயின்ட். சூரியன் பளிச்சென்று விழுந்த இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய வட்டக் கோடுகள். அங்கேயே நின்றுவிட்டேன். நேற்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

இந்தக் காருக்காகப் பல வருடம் காத்திருந்தேன். சின்ன வண்டிதான். கூடுதல் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் டர்போ வைத்த பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர், தரையோடு ஒட்டினாற்போல் உட்காரும் உடம்பு. எவ்வளவோ பேர் "இந்த வயசுல இப்படி ஒரு வண்டி எதுக்கு, பெருசா ஒண்ணு வாங்கு" என்றார்கள். கேட்கவில்லை. எனக்கு இதுதான் வேண்டும். அப்படி வாங்கிய ஒரு பொருளின் மேல், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஏன் கை வைக்கிறார்கள்? அவர் நல்ல மனதோடு செய்தார் என்பது எனக்கும் தெரியும். நல்ல மனது அந்தக் கோடுகளை அழிக்காதே.

இதைப் படிப்பவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நாம் கண்ணால் பார்க்கும் நிறத்தின் மேல் நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். பளபளப்பு முழுக்க அதில்தான். பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. தூசி என்று நாம் சாதாரணமாகச் சொல்வதில் மணல் துகளும் இருக்கிறது. அது கிளியர் கோட்டைவிடக் கடினமானது. காய்ந்த துணியால் அதை அழுத்தித் தேய்த்தால் உப்புத்தாள் போடுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அளவுதான் சின்னது.

உடனே ஒருவர் சொல்வார், "பாலிஷ் போட்டா போயிடும்." போகும். எப்படிப் போகும் என்று கேளுங்கள். கீறல் எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழத்துக்குச் சுற்றியுள்ள கிளியர் கோட்டையும் தேய்த்து எடுத்து மட்டப்படுத்துவார்கள். கீறலை நிரப்புவதில்லை, மீதியைக் குறைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஓரிரு மைக்ரான் போகும். போனது திரும்பி வராது. எத்தனை முறைதான் தேய்ப்பது?

எனக்கு ஏற்கெனவே ஒரு முறை போய்விட்டது. அந்தக் கதை இன்னும் வயிற்றெரிச்சல். டெலிவரிக்கு முன்னால் ஷோரூமில் தெளிவாகச் சொன்னேன்: கழுவ வேண்டாம், பாலிஷ் போட வேண்டாம், தூசியோடு கொடுத்தாலும் பரவாயில்லை. தலையை ஆட்டினார்கள். எடுக்கப் போன அன்று கார் மினுமினுவென்று நிற்கிறது. மேலே வெள்ளை விளக்கு, பக்கத்தில் ரிப்பன், கைதட்டல். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், பின்பக்கக் கதவு முழுக்க மெஷின் தேய்த்த வட்டத் தடம். போன் செய்து கேட்டேன். "சார், எல்லா வண்டிக்கும் இப்படித்தான் செய்வோம். இதுவரைக்கும் யாரும் எதுவும் சொன்னதில்லை. ஒண்ணும் ஆகாது சார்." யாரும் சொல்லவில்லை என்றால், யாரும் வெயிலில் பார்க்கவில்லை என்று அர்த்தம். அந்தக் கதவைச் சரிசெய்ய நான்தான் தனியாகப் பணம் கட்டினேன்.

நான் எப்படிக் கழுவுகிறேன் என்று சொல்கிறேன். பைத்தியம் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து கீழாக அடிப்பேன், கையே படாமல். தானாகப் போகிற மண் எல்லாம் போகட்டும். அப்புறம் நுரை போட்டு ஐந்து நிமிடம் ஊற விடுவேன். காயும்முன் அதையும் அலசிவிட வேண்டும். பிறகு இரண்டு பக்கெட். ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறை மாதிரி இருக்கும் மைக்ரோஃபைபர் மிட்டை ஷாம்பில் நனைத்து, ஒரு பகுதியைத் துடைத்து, வெறும் தண்ணீரில் அலசி, பிறகுதான் மறுபடி ஷாம்பு. கூரை முதலில், கதவின் அடிப்பகுதி கடைசியில். சக்கரத்துக்குத் தனி துணி, தனி வாளி. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத்தூள் அங்கேதான் ஒட்டியிருக்கும். அந்தத் துணி பானெட்டில் பட்டால் அவ்வளவுதான். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டவே வேண்டாம். அழுக்கோடு, பாதுகாப்புக்காக மேலே பூசிய வாக்ஸையும் (மெழுகையும்) சேர்த்து எடுத்துவிடும். கடைசியில் தடித்த டவலை விரித்து ஒற்றி எடுப்பேன். தேய்ப்பது கிடையாது.

ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த ஒன்றரை மணி நேரம் எனக்குப் பிடிக்கும். பின்பக்கச் சக்கர வளைவின் மேல் கை போகும்போதுதான் அந்த இடம் எவ்வளவு புடைத்துக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்தது. பார்த்தபோது தெரியவில்லை. வடிவமைத்தவர் அந்த ஒரு வளைவுக்காக எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே கழுவுவேன். அப்போது யாராவது தாண்டிப் போகும்போது "இன்னிக்கும் குளிப்பாட்டா?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். கை வைக்காமல் போனால் போதும்.

பறவை எச்சம் விழுந்தால் நான் ஓடுவேன். அதற்கும் சிரிக்கிறார்கள். "சாயங்காலம் கழுவிக்கலாமே, இப்ப என்ன ஆச்சு?" இப்போது ஒன்றும் ஆகாது, சாயங்காலத்துக்குள் ஆகிவிடும். எச்சத்தில் அமிலத்தன்மை உண்டு. வெயிலில் சூடேறிய கிளியர் கோட் இளகியிருக்கும், அந்த நேரத்தில் அது உள்ளே அரித்து இறங்கும். மாலையில் பெயின்ட் குளிர்ந்து இறுகும்போது தடம் அப்படியே நின்றுவிடும். அதன்பிறகு கழுவினால் எச்சம் போகும், தடம் போகாது. அதனால்தான் டிக்கியில் எப்போதும் ஒரு தண்ணீர் ஸ்பிரேயும் சுத்தமான துணியும் வைத்திருக்கிறேன். ஊற வைத்து, தூக்கி எடுக்க வேண்டும். நகத்தால் சுரண்டிக் காட்டிய ஒரு மகானுபாவரும் உண்டு, அவரைப் பற்றி எழுதினால் ரத்தக் கொதிப்புதான் ஏறும்.

"கவர் போட்டு மூடேன்" என்கிறார்கள். தூசி படிந்த காரின் மேல் கவர் போட்டால், காற்றில் அது ஆட ஆட அதே தூசியை வைத்தே தேய்க்கும். கழுவிய காருக்குத்தான் கவர்.

சரி, வெளியே இவ்வளவு. உள்ளே இருக்கும் இன்ஜினையாவது விடுவார்களா?

போன வாரம் சித்தி மகன் வந்தான். சாவியைக் கேட்டான், கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஸ்டார்ட் செய்து முழுசாக இரண்டு நிமிடம் ஆகவில்லை, "மிதிண்ணா! ரெட்லைன் வரைக்கும் ஏத்து, சத்தம் கேக்கணும்!" என்கிறான். ரெட்லைன் என்றால் இன்ஜின் சுற்றக்கூடிய வேகத்தின் உச்ச எல்லை. இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது, ஓடியிருப்பதே 800 கிலோமீட்டர்தான் என்றேன். "புது இன்ஜின்தானே, அதுக்கு என்ன ஆகும்?" என்றான். புது இன்ஜின் என்பதால்தானடா!

புது இன்ஜினில் சிலிண்டர் சுவரும் பிஸ்டன் வளையமும் ஒன்றோடொன்று பழகிக்கொண்டிருக்கும். சுவரில் மெல்லிய குறுக்குக் கோடுகள் போட்டுத்தான் ஆலையில் அனுப்புகிறார்கள், எண்ணெய் அதில் தங்க வேண்டும் என்பதற்காக. வளையம் அந்தச் சுவரில் சரியாகப் படிந்து உட்காரும்வரை நிதானம் வேண்டும். முதல் 1,000, 1,500 கிலோமீட்டருக்கு முழு ஆக்சிலரேட்டர் வேண்டாம், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்ட வேண்டாம் என்று பல கார்களின் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. எத்தனை பேர் அந்தக் கையேட்டைப் பிரித்துப் பார்க்கிறார்கள்? டயர்கூட முதல் சில நூறு கிலோமீட்டர் முழுப் பிடிப்பு தராது. அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டியிருந்த வழவழப்பு தேய்ந்து போக வேண்டும். பிரேக் பேடும் டிஸ்க்கில் படிய வேண்டும். முதல் வாரத்திலேயே வளைவில் வீரம் காட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் யார் சொல்வது?

டேஷ்போர்டில் காட்டும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டை நம்பியும் மிதிக்கக் கூடாது. கூலன்ட் சீக்கிரம் சூடாகிவிடும், இன்ஜின் ஆயில் அதற்குப் பின்னால்தான் வரும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. அது சுற்றுவது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல். அந்த எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது மிதித்தால் அதன் பாடு என்ன? அதே மாதிரி, விரட்டி ஓட்டிவிட்டு வந்து சட்டென்று இன்ஜினை நிறுத்துவதும் தவறு. கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வந்தால் போதும், டர்போ ஆறிவிடும்.

அவனிடம் இவ்வளவும் சொன்னேன். "அட போண்ணா, என் ஃப்ரெண்டு முதல் நாள்லேருந்து அடிச்சு ஓட்டுறான், அவன் வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே." மறுபடியும் அதே வார்த்தை! நாலு வருடம் கழித்து அந்த வண்டி எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும்போது, முதல் நாள் மிதித்தது யார் ஞாபகத்தில் இருக்கும்? அன்றைக்கு "இந்த கம்பெனி இன்ஜினே சரியில்லை" என்பான்.

டயர் விஷயமும் அப்படித்தான். என்னுடையது 225/40. அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச் சுவர் அதில் 40 சதவீதம். அதாவது பக்கச் சுவரின் உயரம் 90 மில்லிமீட்டர்தான். ஒரு பள்ளத்தில் வேகமாக இறக்கினால் உள்ளே இருக்கும் நூல் அறுந்து, பிறகு ஒரு நாள் பக்கவாட்டில் புடைத்துக்கொண்டு நிற்கும். அதற்குப் பஞ்சர் ஒட்டவெல்லாம் முடியாது, டயரையே மாற்ற வேண்டும். பள்ளத்தைப் பார்த்து நான் நிதானித்தால் பின்னால் வருகிறவர் ஹாரனை விடாமல் அடிக்கிறார். அவர் அடித்துக்கொண்டே இருக்கட்டும்.

எல்லாரும் கடைசியில் ஒரே இடத்துக்கு வருவார்கள். "கார் ஓட்டத்தானே வாங்கின, பொத்தி வைக்கவா?" இந்தக் கேள்விதான் என்னை ரொம்பவும் காயப்படுத்துகிறது. நான் ஓட்டுகிறேன்! ஞாயிற்றுக்கிழமை விடியும்முன் கிளம்புகிறேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டு எதுவும் போடாமல், முதல் பதினைந்து நிமிடம் இன்ஜின் 2,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 2,500 சுற்று) தாண்டாமல் போகிறேன். ஆயில் சூடானபிறகு வளைவுகள் வரும். இரண்டாம் கியருக்கு இறக்கும்போது ஆக்சிலரேட்டரில் லேசாக ஒரு மிதி கொடுத்தால் கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழும். ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணமே மூக்கு திரும்பும், யோசித்தது கார் காதில் விழுந்ததுபோல. வளைவு முடிந்து டர்போ பிடித்து முதுகை சீட்டோடு அழுத்தும்போது என்னை அறியாமல் வாய்விட்டுச் சிரிக்கிறேன். மழையிலும் ஓட்டியிருக்கிறேன், சேற்றிலும் ஓட்டியிருக்கிறேன். முன் பம்பரில் ஏற்கெனவே இரண்டு இடத்தில் கல் தெறித்துப் பெயின்ட் போயிருக்கிறது. அதைப் பார்த்து எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது ஓட்டியதால் வந்தது. எந்த ரோட்டில் எந்த லாரிக்குப் பின்னால் விழுந்தது என்றுகூடச் சொல்வேன்.

பானெட்டில் கிடக்கும் அந்த வட்டக் கோடுகள் ஓட்டியதால் வந்தவை இல்லை. கார் நின்றுகொண்டிருந்தபோது, பாதி நிமிடத்தில், ஒரு வார்த்தை கேட்காததால் வந்தவை. ஓடித் தேய்வதும் அலட்சியத்தில் கெடுவதும் ஒன்று என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியாது.

நேற்று இரவு அண்ணனைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினேன். கோபமாகப் பேசக் கூடாது என்று இருந்தேன், ஆனாலும் குரல் ஏறிவிட்டது. அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "இத்தனை கோடா?" என்றார். அப்புறம் தன் காரின் மேல் டார்ச்சைத் திருப்பச் சொன்னார். எட்டு வருடமாகத் தினமும் துடைத்த கார். திருப்பினேன். இரண்டு பேருமே பேசவில்லை.

சனிக்கிழமை முதல் சர்வீஸ். செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் ஜாப் கார்டில் "கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம்" என்று என் கையால் பெரிய எழுத்தில் எழுதுவேன், வண்டியை வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசரிடம் கையெழுத்து வாங்குவேன், டேஷ்போர்டில் ஒரு அட்டையும் ஒட்டி வைப்பேன். வேலை முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அதற்கும் மேல் பானெட் ஈரமாக வெளியே வந்தால், சாவியை வாங்க மாட்டேன். மேனேஜர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தபிறகுதான் மற்ற பேச்சு.