பழைய பில்லில் இருக்கும் முகவரி மாறக் கூடாது

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் உரக்கடைக்கும் அரிசி மண்டிக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதித் தரும் தம்பி தங்கைகளே, கஸ்டமர் டேபிளுக்குள்ளேயே முகவரியைத் திணிப்பதை விட்டுவிடுங்கள். ஒரு வியாபாரிக்குக் கடை ஓரிடம், குடோன் வேறிடம். முகவரிக்குத் தனி டேபிள் போட்டு, கஸ்டமர் ஐடியை ஃபாரின் கீயாக (கஸ்டமர் டேபிளோடு இணைக்கும் ஃபீல்டாக) வையுங்கள். கூடவே வகை, எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை என மூன்று ஃபீல்டு. கடை இடம் மாறினால் பழைய ரெக்கார்டை அப்டேட் செய்யாதீர்கள். முடிவுத் தேதி போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேருங்கள்.

இதோடு வேலை முடியவில்லை. பில்லில் முகவரி ஐடி மட்டும் இருந்தால் ஆபத்து. 2020இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை மாவட்டம் பிரிந்தது, சீர்காழியும் அதோடு போனது. மாஸ்டரில் (எல்லா பில்லும் பொதுவாகப் பார்க்கும் டேபிளில்) மாவட்டத்தைத் திருத்திய மறுநிமிடமே, 2019ஆம் வருட சீர்காழி பில்லை ரீபிரின்ட் எடுத்தால் அப்போது இல்லாத மாவட்டத்தின் பெயரோடு வரும். ஆகவே பில் சேவ் ஆகும்போதே முழு முகவரியையும் மாநிலக் குறியீட்டு எண்ணையும் பில் ரெக்கார்டிலேயே காப்பி செய்துவிடுங்கள். ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது என்ற நார்மலைசேஷன் விதி கெட்டுவிடும் என்பார்கள். கெடாது. அன்றைய முகவரியும் இன்றைய முகவரியும் வேறு வேறு தகவல்கள்.

பின்கோடின் முதல் மூன்று இலக்கத்தை வைத்து மாநிலத்தை ஊகிக்கவே வேண்டாம். மயிலாடுதுறை 609001, காரைக்கால் 609602. ஆனால் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. ஜிஎஸ்டி கோடு அதற்கு 34, நமக்கு 33. கும்பகோணத்திலிருந்து காரைக்கால் கடைக்குச் சரக்கு போனால் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி. சாஃப்ட்வேர் அதைத் தமிழ்நாடு என்று எடுத்துக்கொண்டால் மாநிலத்துக்குள் விற்பதற்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட்டுவிடும். பிறகு சரியான தலைப்பில் மறுபடி வரி கட்டிவிட்டு, முன்பு கட்டியதற்கு ரீஃபண்ட் கேட்டு அலைய வேண்டியது கடைக்காரர். மாநிலம் கட்டாய ஃபீல்டாக இருக்கட்டும். ஜிஎஸ்டி எண் இருந்தால் அதன் முதல் இரண்டு இலக்கத்தை பில் முகவரியின் மாநிலத்தோடு ஒப்பிடுங்கள்.

கதவு எண்ணைக் கட்டாயமாக்காதீர்கள். கிராமத்துத் தெருவில் எண் இல்லாத வீட்டுக்கு ஆபரேட்டர் 0 என்று அடித்துவிட்டுப் போவார். ‘அய்யனார் கோயில் எதிரில்’ என்று எழுத அடையாள ஃபீல்டு கொடுங்கள். அஞ்சல், வழி, வட்டம் மூன்றும் தனித்தனியாக. ஒரே பின்கோடில் பல ஊர் வரும்; அதை ஊர் டேபிளின் பிரைமரி கீ (ஒவ்வொரு ஊரையும் தனியாக அடையாளம் காட்டும் ஃபீல்டு) ஆக்க முடியாது.

தமிழில் சேமிப்பவர்கள் ஃபீல்டு நீளத்தைக் கவனியுங்கள். ‘மயிலாடுதுறை’ கண்ணுக்கு ஆறு எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 33 பைட். பைட் கணக்கில் 30 என்று வைத்த ஃபீல்டில் மாவட்டப் பெயரே நுழையாது.

ஏற்கெனவே ஓடும் சாஃப்ட்வேர் என்றால், மாஸ்டரில் கை வைக்கும் முன் பழைய பில்கள் எல்லாவற்றிலும் முகவரியை நிரப்புங்கள். பிரின்ட் காப்பி கிடைத்தால் அதைப் பார்த்து. கிடைக்காதவற்றுக்கு இப்போதைய முகவரியைப் போட்டு, ‘பின்னால் சேர்த்தது’ என்று தனி ஃபீல்டில் குறியுங்கள்.