நேபாளம் போயும் சாம்பார் சாதம்தானா?

போன ஐப்பசியில் முக்திநாத் யாத்திரை போய் வந்தோம். நானும் என் வீட்டுக்காரரும், மொத்தம் 42 பேர் கொண்ட குழு. தரிசனம் பற்றி வந்த உடனேயே எழுதிவிட்டேன். சாப்பாட்டைப் பற்றி எழுத வேண்டும் என்பது மட்டும் மனசுக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. கூட வந்தவர்களில் சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பதினோரு நாளும் எங்களோடு ஒரு சமையல்காரர் வந்தார். அரிசி, புளி, சாம்பார் பொடி, அப்பளம் எல்லாம் ஊரிலிருந்தே மூட்டை கட்டி வந்தன. அவர் உழைப்பைக் குறை சொன்னால் எனக்கு வாய் வெந்துபோகும். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து அந்தக் குளிரில் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்த மனிதர். ஆனால் கோயிலுக்குக் கீழே ராணிபௌவாவில் தங்கிய ராத்திரி அவர் வடித்த சோறு வேகவே இல்லை. ஒவ்வொரு பருக்கையின் நடுவிலும் ஒரு கல். முக்திநாத் இருப்பது 3,700 மீட்டருக்கு மேலே. அந்த உயரத்தில் 90 டிகிரி வருவதற்குள்ளேயே தண்ணீர் கொதித்துவிடும். அண்டாவை எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்திருந்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. அவர் என்ன செய்வார், பாவம்.

மறுநாள் காலையில் நாங்கள் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி வாசலில் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தார். கிண்ணத்தில் கொஞ்சம் டீ, அதில் இரண்டு பிடி மாவு, விரலாலேயே பிசைந்து உருட்டி வாயில் போட்டுக்கொண்டார். முடிந்தது சாப்பாடு. அதற்குப் பெயர் ட்ஸம்பா. பார்லியை வறுத்து அரைத்த மாவு. வறுக்கும்போதே வெந்துவிடுவதால் அப்புறம் அதைக் கொதிக்க வைக்கிற வேலையே இல்லை. அந்த மலைக்கு எது சரிப்படும் என்று அந்த ஜனங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் அங்கே போய் அண்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். பாட்டியைப் பார்த்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், ஊர் திரும்புவதற்குள் ஒரு வேளையாவது இவர்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டே தீருவது என்று.

அந்த வேளை காட்மாண்டு வந்த பிறகுதான் கிடைத்தது. பௌத்தா ஸ்தூபிக்குக் குழுவில் கொடுத்த நேரம் 40 நிமிஷம். சுற்றி வந்து போட்டோ எடுப்பதற்கே சரியாகப் போய்விட்டது. கடைசி நாள் மத்தியானம் எல்லோரும் தமேலுக்கு ஷாப்பிங் கிளம்பினார்கள். நானும் இவரும் சொல்லிவிட்டு மறுபடி பௌத்தாவுக்கே வந்துவிட்டோம். 2015 பூகம்பத்தில் ஸ்தூபியின் உச்சி சேதமாகி, அடுத்த வருஷக் கடைசியில் திருப்பணி முடித்துத் திறந்தார்கள். இன்று பார்த்தால் அடையாளமே தெரியவில்லை. மணிமாலையை உருட்டிக்கொண்டு, இடுப்பில் பட்டைப் பட்டையாகக் கலர் போட்ட முன்றானைத் துணி கட்டிய பெண்கள் வலம் வந்துகொண்டே இருந்தார்கள்.

நாங்கள் போனது ஸ்தூபிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருக்கும் கடை. படிக்கட்டிலேயே அரை மணி நேரம் காத்திருந்தோம், அவ்வளவு கூட்டம். வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் பாதிக்கு மேல் உள்ளூர் ஆட்கள், செம்பழுப்பு அங்கி போட்ட பிக்குகள். அதைப் பார்த்ததும் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தெம்பு வந்தது.

போர்டில் 'நேபாளி - திபெத்தியன்' என்று இரண்டு பெயரும் சேர்ந்தே இருந்தது. டூரிஸ்டுகளுக்காகப் போட்ட கூட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. 1959க்குப் பிறகு திபெத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் நிறையப் பேர் இந்த ஸ்தூபியைச் சுற்றிக் குடியேறினார்கள் என்பது தெரிந்த கதை. அதற்கு ரொம்ப முன்னாலேயே உப்பு நேபாளத்தையும் திபெத்தையும் கட்டிப்போட்டிருந்தது. ஜோம்சோம் போகும் வழியில் காளி கண்டகி ஆற்றை ஒட்டியே ஜீப்பில் போனோமே, அந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் திபெத்து உப்பு கீழே இறங்கியது, தானியம் மேலே ஏறியது. நடுவில் இருந்து அந்த வியாபாரத்தைச் செய்தவர்கள் தகாலி மக்கள். காட்மாண்டு நேவார் வியாபாரிகளோ லாசாவிலேயே கடை வைத்திருந்தார்கள். கொழுக்கட்டை மாதிரி ஆவியில் வேகவைக்கிற மோமோ அவர்களோடுதான் இந்தப் பக்கம் வந்தது என்பார்கள். வந்த பிறகு நேபாளிகள் அதில் மசாலா சேர்த்தார்கள், தக்காளியும் எள்ளும் அரைத்த அச்சார் வைத்தார்கள், நாக்கு மரத்துப்போகிற திமூர் மிளகைப் போட்டார்கள். திபெத்தியர் மோமோவில் அந்தக் காரமெல்லாம் கிடையாது. தொட்டுக்கொள்ள மிளகாய் விழுது தனியாக வரும்.

யாத்திரை முடியும்வரை நான் சைவம். கறிச்சாறு ஊற்றாமல் தென்துக், அதாவது மாவைப் பிய்த்துப் போட்டுக் கொதிக்க வைக்கிற சூப், செய்து தர முடியுமா என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். அடுப்படியில் இருந்த அம்மாவை எல்லோரும் 'தீதி' என்றே கூப்பிட்டார்கள், அக்கா என்று அர்த்தம். அவர் என்னை உள்ளே கூப்பிட்டு, இதோ பார் வேறு பானை என்று காட்டினார். அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிசைந்த மாவைப் பட்டையான கயிறு மாதிரி நீட்டி, இடது முன்கையின் மேல் தொங்கவிட்டுக்கொண்டார். வலது கை கட்டைவிரலால் நுனியை அழுத்தி இழுத்து, பிய்த்து, கொதிக்கிற பானைக்குள் ஒரு சுண்டு. மறுபடி இழுப்பு, மறுபடி சுண்டு. பானையைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே செய்தார். ஒரு துண்டுகூட வெளியே விழவில்லை. எல்லாம் பெருவிரல் அளவு. முள்ளங்கி, கீரை, இஞ்சி, பூண்டு, அவ்வளவுதான் அந்தச் சாறு. பத்து நாளாகத் தொண்டையில் உட்கார்ந்திருந்த குளிர் முதல் கரண்டியிலேயே கரைந்தது.

இவர் டிண்டோ கேட்டார். தட்டைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை. எனக்குச் சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். வந்தது சாட்சாத் நம்ம கேழ்வரகுக் களி! கேழ்வரகை அவர்கள் கோதோ என்கிறார்கள். மரக்கரண்டி போட்டுக் கிண்டி, கெட்டியாக, அதே மண் நிறம். கையால் கிள்ளி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் அப்படியே விழுங்க வேண்டும் என்று பக்கத்து மேஜைக்காரர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். என் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே பாடம். தொட்டுக்கொள்ள குந்த்ருக், அதாவது கடுகுக்கீரையைப் புளிக்க வைத்துக் காயப்போட்டுச் செய்தது. அங்கேயும் ஒரு காலத்தில் டிண்டோ என்றால் ஏழை வீட்டுச் சாப்பாடு, அரிசிச் சோறு சாப்பிட்டால்தான் மதிப்பு. இப்போது ஹோட்டலில் விலை போட்டு விற்கிறது. எங்கள் ஊர்க் களிக்கு நடந்ததும் இதுதானே.

வெண்ணெய் டீ இவருக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தது. டீ என்று நினைத்துக் குடித்தால் உப்பு முகத்தில் அடிக்கும். ரசம், கஞ்சி மாதிரி ஒரு சாறு என்று நினைத்துக் குடித்துப் பாருங்கள். ஒரு வாய் குடித்தால் உடனே கிண்ணத்தை மறுபடி நிரப்புவார்கள், அது அவர்கள் மரியாதை. போதும் என்றால் நிரம்பிய கிண்ணத்தைத் தொடாமல் வைத்துவிட்டு, கிளம்பும்போது குடித்து முடிக்க வேண்டும்.

ராத்திரி விடுதிக்கு வந்து சொன்னபோது ஒரு மாமி, "அந்தச் சைனீஸ் ஐட்டமெல்லாமா சாப்பிட்டே?" என்றார். தெரியாமல்தான் கேட்டார், கோபமில்லை. ஆனால் தயவுசெய்து அந்த வார்த்தை மட்டும் வேண்டாம். சீனா வந்ததால் ஊரை விட்டு ஓடி வந்தவர்கள் அவர்கள். எங்களுக்குப் பரிமாறிய பையன் நேபாளத்திலேயே பிறந்தவன், இன்னும் கையில் ஒரு அடையாள அட்டை கிடையாது என்றான். அவன் பாட்டி கொண்டுவந்ததில் மிச்சம் இருப்பது மொழியும் இந்தச் சமையலும். அதையும் சைனீஸ் என்று சொன்னால் அவர்களுக்கு வேறு என்னதான் மிஞ்சும்?

இன்னொருவர், "கறி சமைக்கிற இடமாச்சே" என்றார். விரதம் இருப்பவர்களை நான் கட்டாயப்படுத்த மாட்டேன். ஸ்தூபியைச் சுற்றிச் சுத்த சைவக் கடைகளும் இருக்கின்றன, அங்கே போகலாம். ஆனால் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். 108 திவ்ய தேசத்தில் ஒன்றான சாளக்கிராமம் என்று நாம் தேடிப் போகிற அந்தச் சன்னதியைப் புத்த பிக்குணிகளும் சேர்ந்துதான் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே ஒரு பிக்குணி பிரசாதம் கொடுத்தபோது 42 பேரும் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். அதே ஜனங்கள் கீழே கடை போட்டு ஒரு கிண்ணம் சாறு கொடுத்தால் மட்டும் எப்படித் தீட்டாகும்? எனக்கு இது புரியவே இல்லை.

பங்குனியில் இதே குழு மறுபடி போகிறது. பௌத்தாவுக்கு 40 நிமிஷம் போதாது, ஒரு சாயங்காலம் முழுக்க விடுங்கள், அன்றைக்காவது சமையல்காரருக்கும் லீவு கொடுங்கள் என்று நடத்துபவரிடம் சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம் என்றார். போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் நீங்களும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். தென்துக் சொன்ன பிறகுதான் மாவையே எடுப்பார்கள், முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை ஜன்னலோரம் உட்கார்ந்தால் கீழே விளக்கு ஏற்றுவது தெரியும்.